ஆறு கதவு, ஓர் அடுப்பு

நான் சமூகவியலில் எம்.ஏ. முடித்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் இனிப்பு வாங்கிவரவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அல்சூரில் எங்கள் சந்தில் மட்டும் அந்த வருஷம் மூன்று பேர் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வந்தால் டீக்கடைக்காரர் பெஞ்சில் இடம் ஒதுக்கித் தருவார். என்னைப் பார்த்தால் மட்டும், அடுத்து பி.எட். தானே என்று கேட்பார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இன்றைக்கும் அந்தக் குணம் போகவில்லை.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அளந்து பார்க்காத எதையும் நம்பாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்தில் புதிதாகக் கட்டப்போகிற மேம்பாலத்தைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இஞ்சினீரு பாலம் கட்றான். டாக்டரு ஊசி போட்றான். நாடு முன்னேறணும்னா அவங்கல்லாம் வேணும், ஒத்துக்கறேன். நீ படிச்சது நாட்டுக்கு இன்னாத்துக்கும்மா?"

கிண்டலுக்காகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சமூகத்தைப் புரிந்துகொள்ளாமல் வளர்ச்சி இல்லை என்று பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கலாம் போல இருந்தது எனக்கு. பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இனிமேல் இதற்கு வாயால் பதில் சொல்வதில்லை, வேலை செய்து காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வேலையும் சீக்கிரமே கிடைத்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய கால்வாயின் இரு கரையிலும் தகரக் கூரை வீடுகள் வரிசை வரிசையாக இருந்தன. மழைக்காலத்தில் கால்வாய் பொங்கினால் சாக்கடைத் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிடும். அந்த வீடுகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாடிக் குடியிருப்பு கட்டித் தர அரசு முடிவு செய்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. எத்தனை குடும்பங்கள், யார் யார் என்று பட்டியல் எடுத்துக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் பொறுப்பு.

அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இஞ்சினியர் வீடு கட்டுவார், சரி. எத்தனை வீடு கட்ட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்வேன். பட்டியலில் விட்டுப்போன குடும்பத்துக்கு எந்த இஞ்சினியரும் செங்கல் எடுத்து வைக்க மாட்டார்.

ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் கன்னடக்காரர், ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. மேடம் என்போம். அதிகம் பேச மாட்டார். பேசினால் பிசிறு இருக்காது. ஒரு நாள் முழுக்க எங்களை உட்காரவைத்துப் படிவத்தை விளக்கினார். குடும்பம் என்றால் என்ன? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி இருவர் இருந்தாலும், அடுப்பு இரண்டு என்றால் குடும்பமும் இரண்டு. படிப்பில் கேட்டுப் பழகிய விளக்கம்தான். இருந்தாலும் அன்றைக்கு அது எனக்கு அழகாகப் பட்டது. வீட்டுக்குள் போனால் அடுப்பை எண்ணு, எழுது. தகராறே இல்லை.

கணக்கெடுக்க வந்த ஐந்து பேரில் நான் ஒருத்திதான் தமிழ். கால்வாய்க் கரையில் பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். என் தாத்தாவும் அந்தப் பக்கத்திலிருந்து மூட்டையோடு வந்தவர்தான். அதனால் தமிழ் வரிசைகளை எனக்கே கொடுங்கள், எங்கள் ஜனங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று மேடத்திடம் மார்தட்டினேன். அவரும் கொடுத்துவிட்டார். அந்த மார்தட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

நான் முதலில் போன வரிசையில் ஆறு கதவுகள் இருந்தன. நடுவில் இருந்த வீட்டின் முன்னால் தகரச் சாய்ப்பு இறக்கி, அதன் கீழே ஒரு பெரிய மரத்தூள் அடுப்பு வைத்திருந்தார்கள். இரும்பு டின்னின் நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடித்து இறுக்கி, கட்டையை உருவிவிட்டால் நடுவில் ஓட்டை நிற்கும். அடியில் தீ வைத்தால் நின்று எரியும். அந்த அடுப்பைக் கவனித்துக்கொண்டவர், எல்லாரும் அண்ணி என்று கூப்பிட்ட நாற்பது வயதுப் பெண். கணவர் பல வருஷங்களுக்கு முன்பு பம்பாய்க்கு வேலை தேடிப் போனவர், திரும்பவில்லை. ஒரே மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி வைக்கிற சொப்பு சாறு என்கிற கீரைக் குழம்பும் ராகிக் களியும் அந்த வரிசை முழுக்க மணக்கும். ஆறு கதவுகளிலிருந்தும் தட்டோடு வருவார்கள். வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுவார்கள். எனக்கும் ஒரு தட்டு வரும். ஒரே அடுப்பில்தான் எல்லாருக்கும் சமையலா என்று கேட்டேன். ஆமாம், ஒண்ணா ஆக்கித்தான் துன்றோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். இங்கே பெரியவர் யார் என்று கேட்டேன். கடைசிக் கதவிலிருந்த பெயின்டரைக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் அண்ணன், தங்கச்சி, மச்சினி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஊர்க்கணக்கில் எல்லாரும் உறவுதான் என்றும் சொன்னார்கள். பெயின்டரைக் குடும்பத் தலைவர் என்று எழுதினேன். மற்றவர்களை அவருக்குக் கீழே, அவர்கள் கூப்பிட்டுக்கொண்ட உறவின்படி வரிசையாக எழுதினேன். ஆறு கதவுகளும் என் படிவத்தில் ஒரு குடும்பமாயின.

அதோடு விட்டேனா? நகரத்துக்கு வந்தும் கூட்டுக் குடும்பம் கலையவில்லை என்று இரண்டு பக்கக் குறிப்பு வேறு எழுதினேன். மேடம் அதைக் கூட்டத்தில் படித்துக்காட்டினார். அடுத்த ஆய்வுக்கு என்னையே உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு மல்லேஸ்வரத்திலிருந்து அல்சூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அரசு அலுவலகம் பட்டியலைக் கால்வாய் முனையில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டியது. சனிக்கிழமை ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பார்க்கப் போனேன். என் உழைப்பு சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்க்கிற ஆசைதான்.

வரிசைக்குள் நுழையும்போதே கண் எரிந்தது. ஆறு கதவுகளில் ஐந்தின் முன்னால் தனித்தனியாகச் சின்னச் சின்ன மண்ணெண்ணெய் ஸ்டவ். ஐந்திலும் திரி புகைந்துகொண்டிருந்தது. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் தலையைக்கூட வாராமல் அரிசி வேகுமா வேகாதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழேகாலுக்கு பஸ். தவறவிட்டால் அரை நாள் ஆப்சென்ட். ஒருத்தி பாதி வெந்த சோற்றை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணியின் பெரிய அடுப்பு மட்டும் எரியாமல் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் சொன்னார். சுவரில் பெயின்டர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வீடு. அடுப்பு ஒன்றாக இருந்தால் வீடும் ஒன்றுதான் என்று யாரோ விசாரித்து வந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் எல்லாரும் கடன்பட்டாவது தனி ஸ்டவ் வாங்கிவிட்டார்கள், அதிகாரி வந்து பார்த்தால் காட்டுவதற்கு.

"எங்க கையால நல்லா சாப்ட்டியேம்மா," என்றார். "சாப்ட்டுட்டு எங்க ஆறு வூட்டயும் ஒண்ணாக்கிட்டியே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அப்போதுதான், ஏன் ஒன்றாகச் சமைத்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மரத்தூள் அடுப்பை ஒரு தடவை பற்றவைத்தால் மூன்று மணி நேரம் எரியும், நடுவில் அணைக்க முடியாது. ஒரு வீட்டுச் சோறு அரை மணியில் வெந்துவிடும், மீதித் தீ வீண். ஐந்து வீட்டுப் பெண்களும் விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டியவர்கள். அண்ணியும் முன்பு கார்மெண்ட்ஸில் இருந்தவர். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து நின்றுவிட்டார். அப்போது அவர்களாகவே பேசி வைத்துக்கொண்டது இது. ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை மர டிப்போவிலிருந்து மரத்தூள் மூட்டை சுமந்து வருவார்கள். ஒவ்வொரு வீடும் அரிசியும் ராகியும் கொடுக்கும். அண்ணி சமைப்பார். அவருக்கும் மகளுக்கும் அதில் சாப்பாடு, மகளின் பள்ளிக்கூடச் செலவும் அவர்கள் பொறுப்பு. நான் பரம்பரை என்று எழுதி வைத்தது, நான்கு வருஷத்துக்கு முன்னால் ஷிப்டு நேரத்துக்காகவும் தீயை வீணாக்காமல் இருக்கவும் புத்திசாலிகள் செய்துகொண்ட ஏற்பாடு.

இப்போது வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. மற்றவர்களுக்குச் சம்பளமாவது வரும். அண்ணிக்கு எதுவும் கிடையாது. என் பேனா செய்த காரியம். இதைச் சரிசெய்யாமல் அந்தப் பேனாவை மறுபடி தொடுவதில்லை என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

நேராக மல்லேஸ்வரம் போனேன். மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, பட்டியல் கைமாறிவிட்டது, ஒரு வரிசை தப்பு என்றால் எல்லா வரிசையையும் சந்தேகப்படுவார்கள், அடுத்த ஆய்வும் அதே அலுவலகத்துக்குத்தான் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் கெடு இருக்கிறது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது, மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் நானே தனியாகப் போய்ச் சொல்வேன் என்றேன். அவர் அசையவில்லை. அடுப்பு இல்லையென்றால் வேறு எதைக் கொண்டு குடும்பத்தைப் பிரிப்பாய் என்று கேட்டார். பாவம் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றால் அதிகாரி கேட்க மாட்டார், நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் நான்கு ஸ்டவ் வாங்கி வைத்து நான்கு வீடு கேட்டால் என்ன சொல்வாய் என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, அந்த அம்மாள் கேட்டது நியாயம்தான் என்று தோன்றியது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

மறுநாளும் காலையில் வரிசையில் போய் நின்றேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஏழு மணி சுமாருக்குப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்கள். பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்தார்கள். சாவியைத் தாலிச் சரட்டில் இருந்த ஊக்கில் கோத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தியின் சாவி இன்னொருத்தியிடம் இல்லை. சாப்பாடு ஒன்றாக இருந்தது, பூட்டு தனித்தனியாக இருந்தது. எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. எந்தக் கதவை யார் பூட்டி யார் சாவி வைத்திருக்கிறாரோ, அது அவருடைய குடும்பம். நான்கு ஸ்டவ் வாங்கி வைத்து ஏமாற்றலாம், ஒரே கதவுக்கு நான்கு பூட்டு போட முடியாது.

மேடத்திடம் அதைச் சொன்னேன். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. எழுதிக் கொண்டுவா, பார்க்கிறேன் என்றார். இன்னொன்றும் சொன்னார். இந்தத் தடவையும் தப்பு வந்தால் அடுத்த ஆய்வில் எனக்கு இடம் கிடையாது. சரி என்றேன்.

இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் அந்த வரிசைக்குப் போனேன். கால்வாயின் மறு கரையிலும் இரண்டு வரிசைகளில் இதே மாதிரி பொது அடுப்பு இருந்ததாகவும், அங்கேயும் வரிசைக்கு ஒரே பெயர்தான் வந்திருப்பதாகவும் அண்ணி சொன்னார். முதலில் இது முடியட்டும் என்று வைத்துக்கொண்டேன். காலையில் பூட்டுகளைக் குறித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரர்களிடம் உட்கார்ந்து, உள்ளே யார் படுக்கிறார்கள், யாருடைய பெட்டி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். எனக்கு அங்கே மேஜை நாற்காலி ஏது? அண்ணியின் வாசற்படிதான். முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு அங்கேதான் எழுதுவேன். ஸ்டவ்காரர்கள் ஒவ்வொருவராகச் சலித்துப்போய்ப் பெரிய அடுப்புக்கே திரும்பியிருந்தார்கள். அண்ணி என்னிடம் மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார். கடுங்காபி கொடுப்பார். யார் எந்த ஷிப்டு, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று தகவல் தருவார். அவர் இல்லாவிட்டால் அந்தக் கணக்கை என்னால் முடித்திருக்க முடியாது.

முதல் கணக்கில் நடந்த தவறு என்னுடையது, இதோ திருத்தம் என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூட்டை வைத்துக் குடும்பத்தைப் பிரித்த விதியையும் விளக்கமாக எழுதினேன். மேடமும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு புதன்கிழமை எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெயின்டரும் மேடமும் வந்தார்கள். அண்ணி மகளின் பள்ளிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்திருந்தார். அதிகாரி மோசமான ஆள் இல்லை. முதலில் தப்பாக எழுதியவர் இப்போது சரியாக எழுதியிருக்கிறார் என்று எப்படி நம்புவது என்று கன்னடத்தில் கேட்டார். பூட்டு விதியைச் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போனது. பக்கத்தில் இருந்தவரிடம், பரவாயில்லை, யோசித்திருக்கிறார்கள் என்றார். பிறகு திருத்திய பட்டியலில் இருந்த குடும்பத் தலைவர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்கப் பெண்கள் தலையாட்டினார்கள். ஐந்தாவது பெயரோடு நிறுத்திவிட்டுக் கோப்பை மூடினார்.

அண்ணி என் பக்கம் குனிந்து, தன் பெயர் எப்போது வரும் என்று மெதுவாகக் கேட்டார்.

அதிகாரியின் மேஜையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் குடும்பம் பெயின்டருடையது. அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அதற்குக் கீழே அண்ணி, அண்ணியின் மகள். பழைய படிவத்தில் பெயின்டருக்குக் கீழே எல்லாரையும் எழுதியிருந்தேன் அல்லவா? மற்ற நான்கு பூட்டுக்காரர்களையும் அதிலிருந்து ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தேன், மிஞ்சிய பெயர்களை அப்படியே அவருக்குக் கீழே விட்டுவிட்டேன். அண்ணியின் கதவில் பூட்டே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுப்பருகே இருக்கிறவர் எதற்குப் பூட்ட வேண்டும்? பூட்டுகளை எண்ணிய இரண்டு வாரமும் நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பூட்டாத வீட்டின் வாசலில்தான். யாருக்காக இந்தப் பாடுபட்டேனோ அவரையே விட்டிருந்தேன்.

பெயின்டர் முன்னால் வந்து, "சார், அவங்க வேற வூடு, நாங்க வேற வூடு," என்றார். அதிகாரி சலித்துக்கொண்டார். இந்தப் பெண் எத்தனை தடவைதான் எண்ணும் என்றார். பூட்டுகிற கதவுதான் குடும்பம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பூட்டு இல்லாத இடம் உங்கள் கணக்குப்படியே குடும்பம் இல்லை என்று என் கடிதத்தை எடுத்து என்னிடமே நீட்டினார். சரியாகத்தான் எழுதியிருந்தேன், அழகான கையெழுத்தில். மேடம் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிஷம், இதுவே போதும் என்று தோன்றியது. ஒன்று ஐந்தாகிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த வேலையும் நிச்சயம். அண்ணிக்கு வேறு ஏதாவது செய்யலாம் என்று மனசு சாக்குத் தேடியது.

அப்போது அண்ணி பேசினார். அதிகாரியிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார்.

"தினமும் என் வாசப்படியில குந்திக்கினுதானே எழுதினே? ஒரு நாளாவது, இது யாரு வூடுன்னு கேட்டியா?"

இல்லை. கேட்கவே இல்லை. அடுப்பை எண்ணினேன், பூட்டை எண்ணினேன். கண்ணெதிரே இருந்த ஆளிடம் நேராகக் கேட்கத் தோன்றவில்லை. எம்.ஏ. படித்தவள், எங்கள் ஜனங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. முதல் விதியும் தப்பு, இரண்டாவது விதியும் பற்றாது, இரண்டும் என் கையெழுத்துத்தான் என்று அதிகாரியிடம் கன்னடத்திலேயே சொன்னேன். இப்போது எல்லார் முன்னாலும் கேட்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அண்ணி பக்கம் திரும்பினேன்.

"அண்ணி, அந்த நடு வீடு யாருது?"

"என்னுது," என்றார். "எனுக்கும் எம் பொண்ணுக்கும் வேற வூடு இல்ல."

அதிகாரி மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். ஐந்து பேரும் ஆமாம் என்றார்கள். பெயின்டர், தன் குடும்பத்துக்குக் கீழே இருந்த அந்த இரண்டு பெயரையும் அடித்துவிடுங்கள், தானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த இரண்டு வரிகளையும் அடித்தார். தாளின் அடியில் ஆறு என்று எண் போட்டார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அண்ணியின் முழுப் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக அவரிடமே கேட்டு எழுதினார். மேடம் எழுந்து வந்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் மேடம் என்னை நிறுத்தினார். நீ இன்று செய்தது சரி, ஆனால் இரண்டு தடவை தவறாக எண்ணியவரை அடுத்த ஆய்வில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். முன்பே சொன்ன சொல்லைத்தான் காப்பாற்றினார், அதில் தப்பில்லை. எனக்கு அழுகை வந்தது, அவர் எதிரில் அழவில்லை. மறு கரையில் இன்னும் இரண்டு வரிசை இருக்கிறது, ஆட்சேபக் கெடு முடிய ஐந்தாறு நாள் இருக்கிறது, எழுதிக்கொண்டு வந்தால் பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்டேன். சம்பளம் கொடுக்க முடியாது என்றார். தெரியும் என்றேன். கொண்டுவா என்றார்.

பெண்கள் அரை நாள் வேலைக்காவது போய்ச் சேர பஸ்ஸுக்கு ஓடினார்கள். அண்ணி அடுப்பைப் பார்க்கப் போனார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து மறு கரைக்குப் போனேன். முதல் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கிழவர் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பையிலிருந்த படிவத்தை எடுக்காமல் வாசலில் நின்று, ஐயா, இது யார் வீடு என்று கேட்டேன்.